துண்டு ஒட்டிக் கடையுறதுக்கு எந்த வாள் எடுக்கலாம்?

போன மாசம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. லேத் (கடைசல் மெஷின்) வாங்கியாச்சு, யூடியூப்ல பார்த்து துண்டு துண்டா ஒட்டிக் கடையுற கிண்ணம் செய்ய ஆசை வந்திருச்சு, இப்ப அந்தத் துண்டுகள வெட்ட டேபிள் சோ (மேசை நடுவுல வட்ட பிளேட் நிக்கிறது) எடுக்கவா, மைட்டர் சோ (கோணம் வச்சு மேலருந்து இறக்கி வெட்டுறது) எடுக்கவா, இல்ல பேண்ட் சோவா (நாடா மாதிரி பிளேட் ஓடுறது)? ஒரு தம்பி பொகவந்தலாவை, ஒருத்தர் வெலிமடைப் பக்கம், இன்னொரு அண்ணே இங்க டிக்கோயாவுலயே, மூணுமே இலங்கை மலைநாட்டு ஊர். மூணு பேருக்கும் ஒரே பதில் சொல்ல ஏலாது, ஏன்னா மூணு பேரோட இடம் வேற, கரண்ட் வேற, கையில இருக்கிற சல்லியும் வேற. அதான் ஒரே இடத்துல எழுதிப் போடுறேன்.

வேலை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முழுக் கட்டையக் குடையாம, சின்னச் சின்ன சரிவகத் துண்டா வெட்டி, வட்டமா ஒட்டி ரிங் ஆக்கி, ரிங் மேல ரிங் அடுக்கி லேத்ல கடையுறது. நம்ம பக்கத்துக்கு இது நல்லாப் பொருந்துற வேலை. பெரிய கட்டை இந்த ஈரத்துல ஒழுங்காக் காயாது, காஞ்சாலும் பாதி வெடிச்சுப் போயிரும். துண்டு வேலைக்கு மர மில்லுல கழிச்சுப் போடுற மஹோகனி, பலா, கிரவீலியா (சிங்களத்துல சபுக்கு) எல்லாம் போதும். மீள்நடுகைக்குப் புடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டை இருக்கே, சரியான உறுதி, ரெண்டு மூணு அங்குலத்துக்கு மேல அகலம் கிடைக்காது, ஆனா ஒரு ரிங்குக்கு அது தாராளம்.

வாளுக்கு முன்னுக்கு கணக்கு

துண்டோட ரெண்டு பக்கமும் வெட்டுற கோணம் 180ஐ துண்டு எண்ணிக்கையால பிரிச்சா வர்றது. 200 மில்லி (மில்லிமீட்டர்) விட்டமுள்ள ரிங்குக்கு இப்பிடி வரும்:

| துண்டு | வெட்டுக் கோணம் | வெளிப்பக்க நீளம் |
|---|---|---|
| 6 | 30 டிகிரி | 115.5 மில்லி |
| 8 | 22.5 டிகிரி | 82.8 மில்லி |
| 12 | 15 டிகிரி | 53.6 மில்லி |
| 16 | 11.25 டிகிரி | 39.8 மில்லி |
| 24 | 7.5 டிகிரி | 26.3 மில்லி |

12 துண்டுன்னா 24 முகம். ஒவ்வொரு முகத்துலயும் 0.1 டிகிரி பிழைச்சா மொத்தம் 2.4 டிகிரி, அதாவது கடைசி மூட்டுல வெளி ஓரத்துல ஏறக்குறைய 4 மில்லி இடைவெளி. 0.1 டிகிரிங்கிறது கண்ணுக்குத் தெரியாது, மெஷின்ல இருக்கிற ஸ்கேல்லயும் தெரியாது. ஆனா ரிங் காட்டிக் குடுத்துரும். கதவு நிலை செய்யுற பாஸுக்கு இந்தப் பிழை ஒரு விஷயமே இல்ல, அதனால அவர்கிட்ட போய் "நல்ல வாள் எது"ன்னு கேட்டா அவர் சொல்றது அவர் வேலைக்குச் சரி, நமக்குப் பிழைக்கலாம்.

நான் பாக்குறது இவ்வளவு தான். ஒரே கோணத்தை நூறு தடவை மாறாமக் குடுக்குமா. வெட்டின முகத்தை அப்பிடியே பசை போட்டு ஒட்டலாமா, இல்ல திரும்பத் தேய்க்கணுமா. எவ்வளவு மரம் தூளாப் போகும். சின்னத் துண்டு வெட்டக்குள்ள விரலுக்கு என்ன ஆகும். சத்தம், இடம், கரண்ட். கடைசியா, கடை விலைக்கு மேல இன்னும் எவ்வளவு போகும்.

டேபிள் சோவும் ஸ்லெட்டும்

எனக்குப் புடிச்சது இதுதான், முதல்லயே சொல்லிர்றேன், அப்புறம் பக்கம் சாஞ்சு எழுதுறேன்னு சொல்லக்கூடாது.

காரணம் மெஷின் இல்ல, அது மேல ஓடுற ஸ்லெட், அதாவது மரத்த வச்சு பிளேட்டுக்குத் தள்ளுற பலகை. ஸ்லெட்ல ரெண்டு ஃபென்ஸ் (மரத்த சாத்தி வைக்கிற நேர்ச் சட்டம்) வச்சு, ரெண்டுக்கும் நடுவுல 30 டிகிரி ஆப்பு ஒண்ண வச்சு இறுக்கிட்டா 12 துண்டு ரிங்குக்கு ரெடி. பலகைலருந்து கிழிச்ச பட்டிய ஒரு தடவை இந்த ஃபென்ஸ்ல, அடுத்த தடவை அந்த ஃபென்ஸ்ல வச்சு மாத்தி மாத்தி வெட்டணும், புரட்டத் தேவையில்ல. இதுல உள்ள அழகு என்னன்னா ஒரு ஃபென்ஸ் 15.1ல நிக்குது, மத்தது 14.9ல நிக்குதுன்னாலும் ஒரு துண்டோட ரெண்டு முகமும் சேர்ந்து 30 தான், ரிங் மூடிக்கும். ரெண்டு ஃபென்ஸுக்கும் நடுவுல உள்ள கோணம் சரியா இருந்தாப் போதும். 16 துண்டுக்கு 22.5 டிகிரி ஆப்பு, 24க்கு 15 டிகிரி ஆப்பு, அவ்வளவு தான். வெட்ஜி ஸ்லெட்னு தேடிப் பாருங்க, படத்தோட கிடக்கு.

ரெண்டாவது காரணத்த புதுசா வாறவங்க மறந்துர்றாங்க. துண்டு வெட்ட முன்னுக்கு பலகைய ஒரே அகலத்துப் பட்டியாக் கிழிக்கணும், ரெண்டு ஓரமும் ஒண்ணுக்கொண்ணு சமாந்தரமா இருக்கணும். அந்த வேலையும் டேபிள் சோவே செய்யும். மைட்டர் சோ செய்யாது.

பிளேட்டுக்கு சல்லிய மிச்சம் புடிக்காதீங்க. மெஷினோட வர்ற 24 பல்லு பிளேட் கூரைக் கட்டை வெட்டத்தான் சரி. 10 அங்குல மெஷின்னா 80 பல்லு, நல்ல கார்பைட் நுனி, வெட்டின முகம் கண்ணாடி மாதிரி வரும், நேரா பசை போடலாம். வாங்கப் போகக்குள்ள நடு ஓட்டைய அளந்துட்டுப் போங்க, 30 மில்லியும் இருக்கு, 25.4ம் இருக்கு, அமெரிக்க மெஷினுக்கு 15.88. கொழும்பு பழைய சோனகத் தெரு வரைக்கும் பஸ் ஏறிப் போய் பொருந்தாத பிளேட்டோட ஹட்டன் வந்து சேர்ந்தவன் நான்.

சொல்லாம வர்ற செலவு என்னன்னா, ஸ்லெட் செய்ய நல்ல ப்ளைவுட். எம்டிஎஃப் (மரநார அமத்திச் செஞ்ச பலகை) வேணாம், மே மாசம் மழை புடிச்சதுலருந்து அது ஊதிப் போய் ஃபென்ஸ் தள்ளி நிக்கும், நீங்க வாளக் குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க. வார்ப்பிரும்பு மேசைன்னா இந்தப் பனியில துரு, மெழுகுதிரிய அப்பப்ப தேச்சு விடணும். மெஷின் 1500லருந்து 1800 வாட்ஸ் இழுக்கும், 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 7, 8 ஆம்ப், அதைக் கொண்டுபோய் பழைய 5 ஆம்ப் ரவுண்ட் பின் சொக்கட்ல சொருகினா வீடே நாறும். எங்க பக்கம் சாயங்காலம் 6 மணிலருந்து 9 மணி வரைக்கும் வோல்டேஜ் வேற இறங்கிரும், அந்த நேரம் வெட்டவே மாட்டேன், பிளேட் திணறி மரத்தக் கருக்குது.

விரல் விஷயம். ஸ்லெட் போட்டா பிளேட்ட மேல மூடுற கார்ட கழட்டித்தான் ஆகணும், அதனால துண்டை விரலால புடிக்கிறது அறவே கூடாது. பின்னுக்கு ரப்பர் வச்ச பென்சில் ஒண்ணு, அதால அமத்திப் புடிச்சு வெட்டி, ஸ்லெட்ட முன்னுக்குக் கொண்டு வந்து, அப்புறம் தான் துண்ட எடுக்கணும். மெஷின் ஃபென்ஸ நீளத்துக்கு அளவு குடுக்குற ஸ்டொப்பா வச்சு துண்டு வெட்டவே வெட்டாதீங்க, பிளேட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவுல மாட்டின துண்டு தோட்டா மாதிரி வரும்.

மைட்டர் சோ

எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான், விளங்குது, பார்த்தாலே கோணம் வெட்டுற மெஷின் மாதிரி இருக்கு, தூக்கிட்டுப் போகலாம், வீட்டு வேலைக்கும் ஆகும். அந்த வீட்டு வேலைங்கிறது சின்ன விஷயமில்ல, கூரை மாத்த, கட்டில் செய்ய எல்லாம் உதவும், நம்ம ஆளுங்களுக்கு கிண்ணம் கடையுறதுக்கு மட்டும் ஒரு மெஷின் வாங்குற அளவுக்கு சல்லி எங்க இருக்கு.

ஆனா பாருங்க. மெஷின்ல 15, 22.5, 45னு பள்ளம் வச்சிருப்பாங்க, கைப்புடி அதுல வந்து விழும். 12 துண்டும் 8 துண்டும் அப்பிடியே வெட்டலாம், லேசு. 16 துண்டுக்கு 11.25, அதுக்குப் பள்ளம் இல்ல, கண்ணால வச்சுத்தான் இறுக்கணும். இன்னொரு தலைவலி, அந்த 15ங்கிற பள்ளம் உண்மையில 14.8ல இருந்துச்சுன்னா கொஞ்சம் தள்ளி வைக்க விடாது, திரும்பவும் பள்ளத்துலயே போய் விழும்.

அதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. ஃபென்ஸுக்கு முன்னுக்கு இன்னொரு நேர் பலகைய வச்சு, ஒரு முனையில பேப்பர் சொருகுறது. ஏ4 பேப்பர் ஒண்ணு ஏறக்குறைய 0.1 மில்லி. 200 மில்லி தூரத்துல 0.1 டிகிரி திருப்ப 0.35 மில்லி வேணும், அப்ப மூணு இல்லாட்டி நாலு பேப்பர். பொடியனோட பழைய கொப்பியக் கிழிச்சுத்தான் நான் செஞ்சேன். சிரிக்காதீங்க, ரிங் மூடிச்சு.

இதுல ஒரே கோணத்துல வச்சு ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டியப் புரட்டிப் புரட்டி வெட்டணும். அதனால கோணம் சரியா 15 ஆகவே இருக்கணும், ஸ்லெட் மாதிரி ஒரு பக்கப் பிழைய மத்தப் பக்கம் சரிக்கட்டாது. பிளேட் நேரா 90ல நிக்காட்டி புரட்டக்குள்ள அந்தப் பிழையும் சேர்ந்து வரும்.

பயம் சின்னத் துண்டுல தான். ஒரு தடவை 24 துண்டு ரிங்குக்கு 26 மில்லித் துண்டு வெட்டப் போய், வெட்டி முடிஞ்ச உடனே பிளேட் சுத்திக்கிட்டு இருக்கக்குள்ளயே மெஷின் தலையத் தூக்கிட்டேன். துண்டு பல்லுல மாட்டி, டப்புனு ஒரு சத்தம், மேல தகரத்துல பட்டு எங்கயோ போச்சு, இன்னைக்கு வரைக்கும் அந்தத் துண்டு கிடைக்கல. முகத்துல பட்டிருந்தா? அதுக்கப்புறம் பிளேட் முழுசா நின்ன பிறகு தான் தூக்குறது. பின்னுக்கு வெட்டுப்பட்டாலும் பரவாயில்லாத பலகை ஒண்ணு வச்சு, பிளேட் போற அளவுக்கு மட்டும் அதுல ஒரு கீறு விட்டு, துண்டுக்கு பின்னால வெற்றிடம் இல்லாமப் பாத்துக்கணும். 50 மில்லிக்குக் குறைஞ்ச துண்டுன்னா மைட்டர் சோவ மறந்துருங்கன்னு தான் சொல்வேன்.

செலவு: பட்டி கிழிக்க ஏலாதுன்னு சொன்னேனே, அதுக்கு டவுன்ல ஃபர்னிச்சர் செய்யுற கடைக்குக் கொண்டு போகணும், ஒவ்வொரு தடவையும் கூலியும் த்ரீவீலும். அப்புறம் சத்தம். சரியான சத்தம். கொழும்புல ஜப்பான் ரீகண்டிஷன் சாமான் விக்கிற ஒரு கடையில மலிவுன்னு நானும் ஒண்ணு எடுத்தேன், 100 வோல்ட்டுங்கிறத கடைக்காரன் வாயத் திறந்து சொல்லல, நல்லவேளை சொருக முன்னுக்கு ஸ்டிக்கரப் பார்த்தேன். ட்ரான்ஸ்ஃபோமர் விலையையும் சேர்த்துப் பார்த்தா புதுசு எடுத்திருக்கலாம். ஸ்டிக்கரப் படிங்க, அது எந்த மெஷினா இருந்தாலும்.

பேண்ட் சோ

"பேண்ட் சோன்னா மரம் மிச்சமாகும்" இது எல்லாரும் சொல்றது. உண்மையான்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சாதாரண வட்ட பிளேட் 3.2 மில்லி தின்னும். 12 துண்டு ரிங்குக்கு 12 வெட்டு, 38 மில்லி. மெல்லிய 2.4 மில்லி பிளேட்டுன்னா 29. பேண்ட் சோ 1.2 மில்லின்னு வைங்க, 14 மில்லி தான். பார்த்தா பெரிய மிச்சம். ஆனா பேண்ட் சோ வெட்டின முகத்துல அப்பிடியே பசை போட ஏலாது, வரி வரியா இருக்கும், சேண்ட் பேப்பர் ஒட்டின டிஸ்க்ல தேய்க்கணும். 24 முகம், ஒண்ணுக்கு அரை மில்லி போச்சுன்னா 12 மில்லி. 14ம் 12ம் 26. மெல்லிய பிளேட் போட்ட டேபிள் சோவுக்கும் இதுக்கும் வித்தியாசம் ஒரு ரிங்குக்கு 3 மில்லி! அதுக்காக ஒரு மெஷினா?

பேண்ட் சோ எடுக்கலாம், ஆனா வேற காரணத்துக்கு. துண்டு தெறிக்காது, பின்னுக்கு உதைக்காது, சத்தம் குறைவு, பக்கத்து வீட்டுல பேசுறது கேக்கும். தேயிலைக் கட்டை மாதிரி கோணல் மாணலா இருக்கிறத பட்டியாக் கிழிக்க இத விட நல்லது இல்ல, வட்ட பிளேட்ல அந்தக் கட்டைய வச்சா உருண்டு போய் கையை இழுக்கும். லேத் வச்சிருக்கிறவனுக்கு முழுக்கட்டைய வட்டமா வெட்டவும் வேணும். கோணத்த டிஸ்க் தான் குடுக்கப் போகுதுன்னா வாள் கொஞ்சம் பிழைச்சாலும் பரவாயில்ல.

கை வாளும் லேத் டிஸ்க்கும்

இதை யாரும் கேக்கல, நானாச் சொல்றேன். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப மூணு கிண்ணம் ஓடர் கையில இருந்துச்சு. பகல்ல வாசல்ல உக்காந்து கை வாளால துண்டு வெட்டினேன், கரண்ட் வந்த நேரம் லேத்த ஓட்டினேன். ஓடர் குடுத்தாச்சு. அப்ப தான் விளங்கிச்சு, இதுக்கு மெஷின் வாள் கட்டாயம் இல்லன்னு.

ஜப்பான் மாதிரி இழுத்து வெட்டுற மெல்லிய வாள், வெட்டு அகலம் 1 மில்லிக்கும் குறைவு. கடையில விக்கிற பிளாஸ்டிக் மைட்டர் பெட்டி வேணாம், அதுல 45ம் 90ம் தான் இருக்கும், கெட்டி மரத்துல நீங்களே 15 டிகிரிக்கு ஒரு பெட்டி அடிச்சுக்கங்க. அது அரை டிகிரி பிழைச்சாலும் கவலையில்ல, ஏன்னா உண்மையான கோணம் அடுத்த கட்டத்துல வருது.

லேத் தான் ஏற்கனவே இருக்கே. ஃபேஸ்ப்ளேட்ல (லேத் தண்டுல மாட்டுற தட்டு) 9 அங்குல ப்ளைவுட் வட்டம் ஒண்ண மாட்டி, முகத்த லேத்லயே மட்டமாக் கடைஞ்சு, 80 இல்லாட்டி 120 நம்பர் சேண்ட் பேப்பர ஒட்டுங்க. லேத் பெட்ல ஒரு குட்டி மேசை, மேசையில ஓடுற ஒரு ஸ்லெட், அதுல 15 டிகிரி ஃபென்ஸ், நீளம் மாறாம இருக்க ஒரு ஸ்டொப். நாம நிக்கிற பக்கம் டிஸ்க் கீழ இறங்கும், அந்தப் பாதியில மட்டும் துண்ட வைக்கணும், அங்கிட்டுப் பக்கம் வச்சா தூக்கி எறியும். அழுத்தித் தேய்க்காதீங்க, மரம் கருகினா பசை புடிக்காது. வாள் மெஷினோட சத்தம் இல்ல, தூசி மட்டும் தான், அதுக்கு மாஸ்க் போடுங்க. கிரவீலியாத் தூள் சிலருக்குத் தோல்ல அரிப்பு எடுக்கும், எனக்கே முழங்கை வரைக்கும் தடிச்சிருச்சு.

குறை என்ன? நேரம். 10 ரிங் கிண்ணத்துக்கு 120 துண்டு, 240 முகம் தேய்க்கணும். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு செய்யுறவனுக்கு இது பொழுதுபோக்கு, கடைக்கு சப்ளை பண்றவனுக்கு முதுகு வலி. சேண்ட் பேப்பரும் சும்மா வராது. பட்டி கிழிக்கிற பிரச்சினை இங்கயும் இருக்கு, அதுக்கு கடைக்குத்தான் போகணும்.

கிரைண்டர்

கையில புடிச்சு இரும்பு வெட்டுற கிரைண்டர்ல மர பிளேட் போட்டு வெட்டுறதப் பார்த்திருக்கேன். வேணாம். கார்ட் இல்ல, வேகம் கூட, பிளேட் மாட்டினா கையிலருந்து பிச்சுக்கிட்டு வரும். ஒப்பிடுறதுக்குக் கூட இது லாயக்கில்ல.

சரி, யாருக்கு எது

வெலிமடைக்காரருக்கு வீட்டுக்குப் பின்னால தனிக் கொட்டில் இருக்கு, வயரிங் புதுசு, சுற்றுலாக்காரங்க வர்ற கடைக்கு மாசம் பத்துப் பதினஞ்சு குடுக்கணும்னு திட்டம். டேபிள் சோ தான், வேற பேச்சே இல்ல. விலை கூடின மெஷின் தேவையில்ல, பிளேட் மாட்டுற தண்டுல ஆட்டம் இல்லாம, ஸ்லெட் ஓடுற காடி நேரா இருந்தாப் போதும், மிச்ச சல்லிய 80 பல்லு பிளேட்டுக்கும் ப்ளைவுட்டுக்கும் போடுங்க. வாங்க முன்னுக்கு பிளேட்ல ஒரு பல்லுக்கு மார்க் போட்டு, காடிலருந்து முன்னுக்கும் பின்னுக்கும் அளந்து பாருங்க, கடைக்காரன் முகம் சுழிச்சாலும் பரவாயில்ல.

டிக்கோயா அண்ணே வீடு கட்டிக்கிட்டு இருக்கார், கதவு, நிலை, கூரை எல்லாம் அவரே செய்யப் போறார். அவர் மைட்டர் சோவ எடுக்கட்டும், அது வீட்டுக்கே வேலை செஞ்சு விலையக் கழிச்சுரும். கிண்ணத்துல 8 துண்டு, 12 துண்டோட நிப்பாட்டிக்கணும், துண்டு 50 மில்லிக்கு மேல இருக்கணும். பிறகு ஆசை கூடி 24 துண்டுக்குப் போகணும்னா லேத் டிஸ்க் ஒண்ணு அடிச்சுக்கலாம். அவர்கிட்ட தேயிலைக் கட்டை ஒரு லொரி கிடக்கு, ரெண்டாவது மெஷின்னா பேண்ட் சோ.

பொகவந்தலாவைத் தம்பி லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருக்கான். 10 அடிக்கு 12 அடி காம்பரா, சுவருக்கு அங்கிட்டு இன்னொரு குடும்பம், அந்த வீட்டுப் புள்ள ஏ லெவல் எழுதுது. தம்பி, நீ மெஷின் வாங்காத. இப்போதைக்கு ஒரு நல்ல கை வாள், ஃபேஸ்ப்ளேட் ஒண்ணு, அரைத் தகடு ப்ளைவுட். முதல் ரிங்க 12 துண்டுல மஹோகனியில போடு. பசை போட முன்னுக்கு எல்லாத்தையும் வட்டமா வச்சு, தண்ணிக் குழாய்க்குப் போடுற ஹோஸ் கிளிப்ப ரெண்டு மூணு சேர்த்து இறுக்கி, வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாரு. எந்த மூட்டுலயாவது வெளிச்சம் தெரிஞ்சா ஒட்டாத. உள்பக்கம் தெரிஞ்சா ஃபென்ஸ் கோணம் கூடிருச்சு, வெளிப்பக்கம் தெரிஞ்சா குறைஞ்சிருச்சு, ஒரு பேப்பர சொருகியோ எடுத்தோ திரும்ப தேய். மூடின பிறகு ஒரு ஃபோட்டோ அனுப்பு.